டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காப்பது எது?

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் பி.ஏ.பி. வாய்க்கால் கரையிலும் தென்னந்தோப்பிலும் டிராக்டர் ஓடாத நாள் இல்லை. வெயிலுக்குக் குடை உண்டு. பாட்டுப் பெட்டியும் உண்டு. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைத்தான் பல வண்டிகளில் காணோம். தகரக் குடை அதற்கு ஈடாகாது.

முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழ டிராக்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை வினாடி போதும். குதித்துத் தப்பலாம் என்பது வெறும் நினைப்பே. பட்டுப்போன தென்னையின் அடிக்கட்டையைப் பிடுங்கும்போது செயினை டாப் லிங்க் கொக்கியிலோ பின் அச்சிலோ மாட்டுவது இந்த ஆபத்தை வரவழைக்கிறது. கட்டை அசையாது, சக்கரமும் சுழலாது. எஞ்சினின் விசை முழுவதும் முன்பக்கத்தைத் தூக்கும். தாழ்வாக உள்ள டிராபாரில் மட்டுமே செயினை மாட்ட வேண்டும்.

சுவீடன் நாட்டில் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்குக் காப்புச் சட்டம் கட்டாயமாயிற்று. கவிழ்ந்து சாவோர் தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தது. சர்வதேச சோதனை முறையில் சட்டத்தை நீளவாக்கிலும் பக்கவாட்டிலும் அழுத்துவதுடன், மேலிருந்து வண்டி எடையைப் போல் சுமார் இரு மடங்கு பாரமும் ஏற்றுகிறார்கள். சட்டம் வளையலாம், ஆனால் ஓட்டுபவர் அமர்ந்துள்ள இடத்துக்குள் வந்துவிடக்கூடாது.

பந்தயக் காரின் கூண்டுக்கும் இதே தத்துவம்தான். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருப்பதால் இது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சர்வதேச விதிப்படி பிரதான வளைவு, ஒட்டு இல்லாத ஒரே எஃகுக் குழாயாக இருக்க வேண்டும், 45 மி.மீ. விட்டமானால் 2.5 மி.மீ. கனமும், 50 மி.மீ. ஆனால் 2 மி.மீ. கனமும் தேவை.

தண்ணீர்க் குழாயை வளைத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்த சட்டம், கவிழும் வேகத்தில் ஒட்டு விட்டுப் போகலாம். சோதித்துத் தேறிய, அந்த மாடலுக்கே உரிய சட்டத்தைக் குறிப்பிட்ட போல்ட்டுகளால் பொருத்துவதே சரி. விளக்கு மாட்டவென்று அதில் துளை போடக்கூடாது. ஒருமுறை வளைந்த சட்டத்தை நிமிர்த்தி மாட்டுவது வீண் சிக்கனம். மட்கார்டில் உட்கார்ந்து வருபவரை எந்தச் சட்டமும் காக்காது.

சட்டம் உள்ள வண்டியில் சீட் பெல்ட் அவசியம். இல்லையேல் தூக்கி எறியப்பட்டு அச்சட்டத்தின் அடியிலேயே சிக்க நேரும். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடவே கூடாது. மட்டை இடிக்கும் தோப்புகளுக்கென மடக்கும் சட்டமும் கிடைக்கிறது. மடக்கியிருக்கும்வரை பெல்ட் வேண்டாம். தோப்பை விட்டு வந்ததும் நிமிர்த்திப் பின்னைச் செருகி, பெல்ட்டை மாட்டி, இரு பிரேக்குகளையும் இணைத்துப் பூட்டிய பிறகே வாய்க்கால் கரையில் ஏற வேண்டும். வாய்க்காலின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளி ஓட்டுவது நல்லது.