ஒரு குழாய் கற்றுத்தந்த கணக்கு

மாற்றல் ஆணையில் வைப்பின் என்ற பெயரைக் கண்டதும், வங்கிப் பணியாளர் எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணமே எனக்கும் தோன்றியது. வைப்புத்தொகை திரட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா! இங்கு வந்த பிறகுதான் பெயர்க்காரணம் தெரிந்தது. கடலும் ஆறும் மண்ணைக் கொண்டுவந்து வைத்த நிலம் ஆதலால் இப்பெயர் வந்தது என்பர். கொச்சித் துறைமுகத்தின் வாயிலில் தொடங்கி வடக்கே முனம்பம் வரை நீளும் இத்தீவிலிருந்து, 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும்வரை எர்ணாகுளம் செல்வதற்குப் படகையே நம்பியிருந்தனர். பழுது என்றால் முதலில் தாமே திறந்து பார்ப்பது இவ்வூராரின் வழக்கம். அவ்வழக்கம் எனக்குச் செய்த நன்மையையே இங்கு எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பத்து ஆண்டு பழைய டர்போ டீசல் கார். சென்ற மழைக்காலம் முடிந்த சில நாள்களில், கோஸ்ரீ பாலத்தின் ஏற்றத்தில் அது இழுவையை இழந்தது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. ‘உஸ்’ என்றொரு சீறல் வேறு.

பணிமனை ஒன்றில் காட்டினேன். ஐந்து நிமிடச் சோதனைக்குப் பின், “டர்போ போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும்” என்றார்கள். மதிப்பீட்டுத் தாளில் கூலி நீங்கலாகவே 60,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென ஒரு நிரந்தர வைப்பு வைத்திருந்தேன். அதை முதிர்வுக்கு முன்பே முடித்துவிடலாமா என்று எண்ணினேன். முன்கூட்டியே முடித்தால் வட்டி குறையும், அபராதமும் உண்டு என்று நாள்தோறும் வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்பவன் நான்!

காற்றின் பாதை

மறுநாள் மாலை வாசலில் காரைக் கிளப்பியபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்றார். மீன்பிடிப் படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“சாரே, டர்போவுக்குக் கேடு வந்தால் சத்தம் வேறு மாதிரி இருக்கும். இது காற்றுப் போகிற சத்தம். குழாயைப் பார்த்தீர்களா?” என்றார்.

“பணிமனையில் பார்த்திருப்பார்கள், சேட்டா” என்றேன்.

“பார்த்திருப்பார்கள் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு” என்றபடி போனட்டைத் திறக்கச் சொன்னார்.

அவர் சொன்னதன் பொருளை விளக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. முதலில் கப்பல்களின் பெரிய எஞ்சின்களில் பயன்பட்டு, பின்னர் நம் வீட்டுக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது அச்சக்கரம். அழுத்தப்பட்ட காற்று சூடேறும். அதை இன்டர்கூலர் குளிர்விக்கும். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்று எஞ்சினைச் சேரும்.

அந்தக் குழாய் பிளந்தால் அழுத்திய காற்று வழியிலேயே வெளியேறிவிடும். காற்று குறைந்த எஞ்சினில் டீசல் முழுதாக எரியாது. கரும்புகையும் இழுவைக் குறைவும் அதனால் வருவன. டர்போ பழுதானாலும் ஏறத்தாழ இதே அறிகுறிகள்தான். இரண்டையும் பிரித்தறியாமல் செலவில் இறங்குவதே தவறு. கசிவைக் கவனியாமல் ஓட்டுவதும் தவறே. குறையை ஈடுகட்ட டர்போ மிகையாகச் சுழன்று, இறுதியில் மெய்யாகவே பழுதாகலாம்.

பெரியவர் குழாயின் அடிப்புறத்தை விரலால் தடவினார். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. குழாயை மெல்ல வளைத்ததும், மேலிருந்து கண்ணுக்குப் புலப்படாத ஒரு பிளவு வாய் திறந்தது. ஏறக்குறைய மூன்று விரற்கடை நீளம்!

ஞாயிற்றுக்கிழமை வேலை

சனிக்கிழமை ஜங்காரில் ஃபோர்ட் கொச்சிக்குக் கடந்து, மட்டாஞ்சேரிப் பக்கத்து உதிரிபாகக் கடை ஒன்றில் குழாயையும் இரண்டு புதிய கிளாம்புகளையும் வாங்கினேன். மொத்தம் 2,400 ரூபாய். பதிவுச் சான்றிதழின் நகலைக் காட்டி, மாதிரியும் ஆண்டும் எஞ்சின் வகையும் சொல்லி வாங்கியதால் பொருள் சரியாக அமைந்தது.

ஞாயிறு காலை, எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும் வேளையில் தொடங்கினோம். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். கழற்றும் முன் ஒவ்வொரு பகுதியையும் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். குழாயோடு இணைந்த அழுத்த உணரியின் மின்னிணைப்பை, கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் பூட்டை அழுத்தி விடுவித்தோம். பிறகு கிளாம்புகளைத் தளர்த்தினோம். நாள்பட்ட ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். வலிந்து இழுக்காமல் இடமும் வலமும் திருகினால் கழன்றுவரும்.

குழாய் வெளியே வந்ததும் பெரியவர் சொன்ன முதல் வேலை, திறந்த இரண்டு வாய்களையும் தூய துணியால் அடைப்பது. ஒரு திருகாணியோ சிறு கல்லோ உள்ளே விழுந்தால் 60,000 ரூபாய்ச் செலவு என்பது பொய்யாக இராது. குழாயின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் காணப்படுவது இயல்பே. எண்ணெய் தேங்கி நின்றால்தான் டர்போவைச் சோதிக்க வேண்டும். எங்களுக்குப் படலம் மட்டுமே தெரிந்தது. மனம் சற்று ஆறியது.

உலோக வாய்களைத் துடைத்து, புதிய குழாயை அதன்மேல் உள்ள குறியீடு நேராக வருமாறு பொருத்தத் தயாரானோம். ஒரு முனையைச் செருகிக் கிளாம்பை முடுக்கியாயிற்று. மறுமுனைக்காகத் துணியை எடுத்தேன். அப்போது, நாள் முடிவில் ரொக்கத்தைச் சரிபார்க்கும் பழக்கம் கையில் குறுக்கிட்டது. அடைத்தவை இரண்டு. என் கையில் இருப்பது ஒன்று. இன்னொன்று எங்கே?

முதல் முனையிலேயே, குழாயின் உள்ளே அது இருந்தது.

கிளாம்பைத் தளர்த்தித் துணியை எடுத்தபோது என் கை நடுங்கியது. அதை விட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பியிருந்தால்? பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு துணிகளையும் வாங்கி எண்ணிப் பார்த்து மதில்மேல் விரித்துவைத்தார்.

இரண்டாம் முறை பொருத்தினோம். கிளாம்பை மிகையாக முடுக்கினால் ரப்பர் அறுபடும். இறுகப் பிடித்தால் போதும். மின்னிணைப்பும் பேட்டரியும் மீண்டன. மொத்தம் இரண்டு மணி நேரம். மாலையில் பாலத்தின் ஏற்றத்தில் சீறலும் இல்லை, புகையும் இல்லை. நிரந்தர வைப்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது.

உரிமையும் எல்லையும்

உதிரிபாகத்தைக் கடையில் வாங்கிப் பொருத்துவது நுகர்வோரின் நியாயமான விருப்பம். அசல் உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்காதவாறு கட்டுப்படுத்தியதற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வாணையை எதிர்த்து மேல்முறையீடுகளும் எழுந்தன. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. கார்களும் அதன் வரம்பில் அடங்கும்.

ஆயினும் எல்லை அறிந்து செயல்படுவதே அறிவுடைமை. உத்தரவாதக் காலத்தில் உள்ள காரில் கைவைக்க வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கே செல்லுங்கள். மேலிருந்து கை எட்டும் குழாயை மட்டுமே வீட்டில் மாற்றலாம். காருக்கு அடியில் புக வேண்டிய வேலையானால் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் படுக்கலாகாது.

காப்பீடு இதற்குக் கைகொடுக்குமா என்று பலர் வினவுகின்றனர். தேய்மானத்தால் வரும் பழுதும் இயந்திரக் கோளாறும் வழக்கமான வாகனக் காப்பீட்டில் அடங்குவதில்லை. எனவே காரின் பராமரிப்புக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்துவருவது நலம். மகளின் படிப்புக்கு வைத்த பணத்தை நோக்கி என் கை நீண்டதற்குக் காரணம், காருக்கென்று நான் எதையும் வைக்காததே. இப்போது வைக்கிறேன்.

பெரிய மதிப்பீட்டுத் தாள் கைக்கு வரும்போது உடனே கையொப்பமிடாதீர்கள். “எதைச் சோதித்து இம்முடிவுக்கு வந்தீர்கள், காட்டுங்கள்” என்று கேளுங்கள். நல்ல பணிமனை மகிழ்ந்து காட்டும்.

பிளந்த பழைய குழாயை நான் எறியவில்லை. அது வீட்டுக் கொட்டகையில் தொங்குகிறது. அருகே, மடித்து வைத்த இரண்டு துணிகள்.