வட ஆற்காட்டு மேடை – 11: கள்ளுக்கடையில் தொலைந்த கபாலம்

“அண்ணே, கட்டிங் போடலாமா?”

ஒடுகத்தூர், அணைக்கட்டு, பள்ளிகொண்டா என்று எந்த ஊர் டாஸ்மாக் வாசலிலும் இந்தக் கேள்வி காதில் விழும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதை முழுசாக வாங்கக் காசு பற்றாதவர், தன்னைப் போலவே தயங்கி நிற்கும் இன்னொருவரைத் தேடிப் பிடிப்பார். முன்பின் தெரியாத இருவர் பாதிப் பாதி போட்டு வாங்குவார்கள். பாரின் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் டம்ளர்களை ஒட்டி வைப்பார்கள். ஊற்றுகிறவர் குனிந்து, கண்ணை டம்ளர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் பங்கிடுவார். மற்றவர் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் தயாராக நிற்பார். ஊறுகாய் இருவருக்கும் பொது. அதன்பின் கொஞ்ச நேரம் பேச்சு. டேனரியில் வராத கூலி, விடியுமுன் ஷூ கம்பெனி பஸ் ஏறும் மகள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் போன் பண்ணாத தம்பி. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்துவிடுவார்கள்.

அந்தக் கொஞ்ச நேரப் பேச்சுக்காகவே போகிறவர்கள் உண்டு. வீட்டில் சொல்ல முடியாததை, நாளைக்கு எதிரில் வந்தாலும் அடையாளம் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

இந்த மனிதர்களை மேடையேற்றுவதென்றால் யாரிடம் கற்றுக்கொள்வது? மதுக்கடையில் தனியே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி, வசனத்தைக் குறைத்து உடம்பாலேயே சிரிக்கவைக்கும் நாடகங்கள் மேலைநாடுகளில் நடக்கின்றன. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒடுகத்தூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் இருக்கிறது காஞ்சிபுரம். அந்த ஊர்க் குடிகாரர்களைப் பற்றி, அந்த ஊர்க் கள்ளுக்கடையை வைத்து, 7ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சிரிப்பு நாடகம் எழுதப்பட்டது. எழுதியவன் நாட்டை ஆண்ட மன்னன். முதலாம் மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாசப் பிரகசனம்’தான் அது.

மகேந்திரவர்மனை நாம் குடைவரைகளின் வழியாகவே அறிந்திருக்கிறோம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டுப் பொறித்தவன். நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே அவன் கைவேலை நிறைய உண்டு. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தான். திருவண்ணாமலை மாவட்டம் தூசிக்குப் பக்கத்தில், மாமண்டூர்க் குன்றில் உள்ள சிதைந்த கல்வெட்டு ஒன்று, இந்த நாடகத்தின் பெயரைச் சொல்கிறது. கல்லில் பெயர் நம்மிடம் இருந்தது. நாடகத்தின் ஓலைச்சுவடி மலையாள நாட்டில் இருந்தது. 1917இல் த. கணபதி சாஸ்திரி அதைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சிட்ட பிறகே உலகம் படித்தது. கேரளத்துச் சாக்கியார்களோ இதைக் கோயிலில் நேர்த்திக்கடனாக ஆடும் மரபைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்கள். இங்கே பிறந்த பிள்ளை அங்கே வளர்ந்திருக்கிறது.

கதை ஒரு பகல் பொழுதுக்குள் முடிந்துவிடும். சத்தியசோமன் ஒரு காபாலிகன். மண்டையோட்டில் பிச்சை வாங்கி, அதிலேயே உண்டு, அதிலேயே குடிப்பவன். அவனும் அவன் துணைவி தேவசோமையும் போதையில் காஞ்சி வீதியில் வருகிறார்கள். போதையில் அவள் பெயரையே மாற்றிக் கூப்பிட்டுவிடுகிறான். அவள் கோபித்துக்கொள்ள, இனிக் குடிப்பதில்லை என்கிறான். எனக்காக உன் விரதத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அவளே தடுக்கிறாள். அடுத்த காட்சி கள்ளுக்கடை. கடையைப் பார்த்ததும் அவனுக்கு அது வேள்விச்சாலையாகத் தெரிகிறது. அங்கே ஊற்றுவது சோமபானம், குடிப்பவர்கள் வேள்வி செய்யும் அந்தணர்கள், அவர்களின் உளறலே மந்திரம்.

பிச்சை ஏற்கப் போகும்போதுதான் கையில் கபாலம் இல்லாதது தெரிகிறது. பிச்சைப் பாத்திரம் போனால் பாத்திரம் மட்டும் போகவில்லை. அது இல்லாமல் அவன் காபாலிகனே இல்லை. உள்ளே வறுத்த இறைச்சி இருந்தது; எனவே தூக்கியது நாயாக இருக்கும், அல்லது புத்தபிட்சுவாக இருக்கும் என்று முடிவுகட்டுகிறான். அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிட்சு, ஒரு வணிகர் வீட்டு விருந்தை வாங்கிக்கொண்டு, பாத்திரத்தை அங்கிக்குள் மறைத்தபடி வருகிறார். இத்தனை வசதி செய்து தந்த புத்தர் மதுவையும் மாதரையும் மட்டும் ஏன் விலக்கினார், மூத்த பிட்சுக்கள் அந்தப் பகுதியை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டார்களோ என்பது அவர் மனத்தின் வாட்டம்.

இங்கிருந்துதான் உடம்பின் ஆட்டம் தொடங்குகிறது. அங்கிக்குள் என்ன என்று இருவரும் பிட்சுவைச் சுற்றி வளைக்கிறார்கள். தேவசோமை அவர் தலைமயிரைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மழித்த தலை. கை வழுக்கிக் கீழே விழுகிறாள். பிட்சு இரக்கப்பட்டுக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். உடனே சத்தியசோமன், என் மனைவியின் கையைப் பற்றிப் பாணிக்கிரகணம் செய்கிறான் என்று கூச்சலிடுகிறான். பாய்ச்சல், வழுக்கல், விழுகை, தூக்கல், கூச்சல் என்று ஐந்தே அசைவுகளில் ஒரு சண்டை கல்யாணமாக மாறிவிடுகிறது. வசனத்தை எடுத்துவிட்டாலும் இந்தக் காட்சி புரியும். நடிகனின் உடம்பு எப்படி விழும், எந்த நொடியில் பார்வையாளர் சிரிப்பார் என்று தெரிந்தவன்தான் இதை எழுதியிருக்க முடியும்.

பஞ்சாயத்து பண்ண வரும் இன்னொரு சைவத் துறவியான பாசுபதன் பப்ருகல்பனுக்கும் பிட்சுமேல் தனிப் பகை உண்டு. நியாயசபைக்குப் போகலாம் என்றால், பல விகாரைகளின் வருமானம் உள்ளவரோடு வழக்காட வெறுங்கபாலக்காரர்களால் முடியுமா என்று தேவசோமை கேட்கிறாள். அதில் சிரிப்பும் இருக்கிறது, வயிற்றெரிச்சலும் இருக்கிறது. கடைசியில் ஒரு பித்தன் வருகிறான். நாயிடமிருந்து அவன் பிடுங்கிய கபாலம் அவன் கையில் இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கியதும் சத்தியசோமன் பிட்சுவிடம் மன்னிப்புக் கேட்கிறான். எல்லோரும் சமாதானமாகப் பிரிகிறார்கள்.

காபாலிகன், அவன் துணைவி, பிட்சு, பாசுபதன், பித்தன். இந்த ஐவரில் ஒருவருக்கும் நாம் சொல்கிற அர்த்தத்தில் வீடு வாசல் கிடையாது. எல்லோரும் பாத்திரமேந்திகள், ஊரின் ஓரத்தில் நிற்பவர்கள். ஒரு பொருள் தொலைந்ததால்தான் அவர்கள் ஒருவரோடொருவர் பேசவே செய்கிறார்கள். நாடகத்தின் இடையில் சத்தியசோமன் அந்தப் பிட்சுவையும் தன்னோடு குடிக்க அழைக்கிறான். பிட்சுவுக்கும் ஆசைதான், நாலுபேர் பார்ப்பார்களே என்றுதான் மறுக்கிறார். மதத்தைக் கேலி செய்யும் நாடகம் என்று இதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது தனியாட்களின் நாடகம். ஆட்சியில் இருந்த மன்னன், தன் தலைநகரில் எவரும் வீட்டுக்குள் சேர்க்காத மனிதர்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறான். அவர்களில் ஒருவரையும் அவன் தண்டிக்கவில்லை.

குடிகாரனை நடிப்பது கடினமான கலை. தள்ளாடிக் காட்டுவது எவராலும் முடியும். தள்ளாடாமல் நடக்க அவன் படும் பாட்டைக் காட்டுவதில்தான் நடிகனின் திறமை இருக்கிறது. சார்லி சாப்ளின் இங்கிலாந்தில் ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழுவில் குடிகார வேடத்தில் பெயர் வாங்கியவர். அவருடைய தந்தை குடியால் உடல் கெட்டு 1901இல் இறந்தார். 1931இல் வந்த ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் ஒரு கோடீசுவரன் வருகிறான். போதையில் இருக்கும்போது சாப்ளினைக் கட்டித்தழுவுகிறான். தெளிந்ததும் யார் நீ என்று துரத்துகிறான். குடிப்பவனின் தனிமையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது.

இந்த வித்தை நம் கூத்திலும் உயிரோடு இருக்கிறது. சென்ற வாரம் பார்த்த, தெருக்கூத்தின் கோமாளியான கட்டியக்காரனை நினைத்துப் பாருங்கள். துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் ஏறிவிடுவதால் அவர்கள் வளைய முடியாது; சுழன்று ஆடலாம், நிமிர்ந்து நிற்கலாம். கட்டியக்காரனுக்குக் கட்டை இல்லை. எனவே அவன் முதுகு வளையும், முழங்கால் தளரும், விழுந்து எழ முடியும். ராஜா விருத்தம் பாடும்போது அவன் ஊர்ப் பேச்சில் பதில் சொல்வான். மகேந்திரவர்மனும் காபாலிகனுக்குச் சமஸ்கிருதத்தையும் தேவசோமைக்கும் பிட்சுவுக்கும் பித்தனுக்கும் பிராகிருதத்தையும் தந்து, ஒரே மேடையில் மேல்பேச்சையும் தெருப்பேச்சையும் மோதவிட்டவன்தான்.

அதனால் நான் கேட்பது இது. ‘மத்தவிலாசம்’ நம் பக்கத்துக் கூத்தாக வரவேண்டும். புரிசைக் கூத்துக்காரர்கள் பிரெக்ட்டையும் மார்க்குவெஸ்ஸையும் கூத்தாக்கிக் காட்டியவர்கள். காஞ்சிக்காரன் எழுதிய நாடகம் அவர்களைப் போன்றவர்களுக்கு எட்டாததா? பாரதம் நடக்கும் கிராமங்களில், இரவு முழுக்க விழித்திருக்கும் கூட்டத்துக்கு நடுவில், முகவீணையும் மிருதங்கமும் வைத்து ஆடலாம். கபாலத்துக்குப் பதில் பிளாஸ்டிக் டம்ளர் தொலையட்டும். கட்டியக்காரன் சத்தியசோமனாகட்டும்.

மதுவிலக்கு நாடகங்கள் நிறைய நடக்கின்றன. அவற்றில் குடிப்பவன் மனைவியை அடிக்கிறான், கடன்படுகிறான், கடைசியில் சாகிறான். குடி அழித்த குடும்பங்களை இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நாடகங்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவை மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்கின்றன. குடிப்பவர் அந்தப் பக்கம் நிற்பதில்லை. தன்னை வில்லனாக்கப் போகிற மேடைக்கு எவர் வருவார்? சினிமாவோ அவரைக் கோமாளியாக்கிப் பாட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறது. அவர் ஏன் அங்கே போகிறார், அங்கே யாரைத் தேடுகிறார் என்று கேட்க இரண்டுக்கும் நேரமில்லை.

கூத்துக்கு நேரம் இருக்கிறது. இரவு முழுக்க இருக்கிறது. அது நடக்கிற தெருவில் குடித்தவர், குடிக்காதவர், அவர் மனைவி, மகள் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கட்டியக்காரனின் தள்ளாட்டத்துக்கு அப்பனும் மகளும் ஒரே நேரத்தில் சிரித்தால், மறுநாள் வீட்டில் பேச்சைத் தொடங்க அவர்களுக்கு ஒரு வழி கிடைக்கும். பாரில் முகம் தெரியாதவரிடம் போய்ச் சேர்கிற பேச்சு அது. அதை வீட்டுக்குத் திருப்ப ஒரு கலையால் முடியுமென்றால், அதைச் செய்ய வேண்டிய கலைஞர்கள் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மேடையும் ஓர் இரவும் தர வேண்டியது ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பு, நம் பொறுப்பு.

(தொடரும்)