காய்ச்சல் விட்டது, தலைவலி விடவில்லை

மழைக்காலம் முடியும் மாதங்களில் அனுமந்தைப் பகுதிப் பள்ளிகளில் காய்ச்சல் விடுப்புகள் கூடும். நான்கைந்து நாளில் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிவிடுவார்கள். அவர்களில் ஓரிருவர் மட்டும் இரண்டு, மூன்று வாரம் கழித்தும் "தல வலிக்குது மிஸ்" என்று மேசையில் சாய்வார்கள். உண்மையா, வீட்டுப்பாடத்துக்குச் சாக்கா? ஆசிரியர்கள் நம் எல்லோருக்கும் எழும் கேள்வி இது. நாம் தேடும் விடையைப் பொறுத்து ஒரு பிள்ளையின் கல்வியாண்டே மாறக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத வலி

2006-இல் சிக்குன்குனியா வந்தபோது காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுவலி இருந்ததை நாம் பார்த்தோம். அதை நடிப்பு என்று யாரும் சொல்லவில்லை. வீங்கிய மணிக்கட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தலைவலிக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது.

2021 இரண்டாம் அலையில் எனக்குக் கொரோனா வந்தது. இரண்டு வாரத்தில் குணமானேன். ஆனால் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போன்ற வலி நான்கு மாதம் இருந்தது. செப்டம்பரில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறந்தபோது, மதியப் பாடவேளையில் சன்னல் வெளிச்சமே கண்ணைக் கூசும். "டெஸ்ட் எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்ன?" என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். பெரியவளான எனக்கே பதில் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. பதினோரு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

ஏன் நீடிக்கிறது?

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதை மூடியிருக்கும் உறைகளுக்கும் அங்குள்ள இரத்தக் குழாய்களுக்கும் தெரியும். அந்த வலிச் செய்தியை முக்கிளை நரம்பு மூளைக்குக் கொண்டுசெல்கிறது. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் இந்த நரம்பைக் கூர்மையாக்கிவிடுகின்றன. வைரஸ் போன பிறகும் சிலருக்கு அந்தக் கூர்மை உடனே தணிவதில்லை என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் சாதாரண வெளிச்சமும் இரைச்சலும்கூட வலியைத் தூண்டுகின்றன. ஸ்கேனில் இது பொதுவாகத் தெரியாது.

ஒரு நாள் திடீரெனத் தொடங்கி, பிறகு தினமும் தொடரும் தலைவலியை 1986-இல் கனடாவில் வானாஸ்ட் என்ற மருத்துவர் விவரித்தார். இவர்களில் பலர் வலி தொடங்கிய நாளையே நினைவாகச் சொல்வார்கள். சிலருக்கு அது வைரஸ் தொற்றை ஒட்டித் தொடங்கியிருக்கும். கொரோனாவுக்குப் பின் மாதக்கணக்கில் தொடரும் தொல்லைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறை வகுத்தது.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

முதலில் நம்புவோம். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, தூக்கம் எப்படி என்று தனியாக அழைத்துக் கேட்டு, தேதியோடு குறித்து வைப்போம். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு பெரிய உதவி.

சாப்பிட்டாயா என்று கேட்போம். உப்பளத்துக்குப் பெற்றோர் விடியுமுன் கிளம்பிவிடும் வீடுகள் இங்கே உண்டு. தொடக்க வகுப்புகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் வெறும் வயிற்றோடு வருபவர்களை நாம்தான் கவனிக்க வேண்டும். பட்டினியும் தண்ணீர்க் குறைவும் தலைவலியைக் கூட்டும்.

சன்னலோரத்திலிருந்து இடம் மாற்றுவோம். வெண்மையான உப்புப் பாத்திகளில் பட்டுத் தெறிக்கும் வெயிலின் கூச்சம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். பெற்றோருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளிடம், குணமாகும் வரை உச்சிவெயிலைத் தவிர்க்கச் சொல்வோம். கண் பரிசோதனைக்கும் அனுப்புவோம்.

பாடச்சுமையைப் படிப்படியாகக் கூட்டுவோம். முதல் வாரம் முக்கியப் பகுதி மட்டும் எழுதினால் போதும். விளையாட்டையும் மெல்லத் தொடங்கலாம். முழு ஓய்வும் முழு ஓட்டமும் இரண்டுமே உதவாது.

மாத்திரை நாம் கொடுக்க வேண்டாம். வைரஸ் காய்ச்சலின்போதும் அதை ஒட்டிய நாள்களிலும் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் ஆபத்தானது. சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். கடையில் வாங்கித் தரும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

கழுத்து விறைப்பு, திரும்ப வரும் காய்ச்சல், தொடர் வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால் தளர்ச்சி, திடீரென வரும் தாங்க முடியாத வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இவை இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்வோம். தேவைப்பட்டால் அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

இந்தத் தலைவலி பலருக்கு நாளடைவில் குறைந்துவிடும். அதற்குள் "சோம்பேறி" என்று பெயர் வாங்கிய பிள்ளை பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடலாம். அடுத்த முறை ஒரு மாணவர் மேசையில் தலை சாய்த்தால், "எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள்.