நாக்குக்கு ஏற்ற ஒயின் எது?

“சங்கத்து மலரில் ஒயினைப் பற்றி எழுதுகிறாரே, இவருக்கு என்ன ஆயிற்று?” என்று சிலர் கேட்கக்கூடும். திருமலை இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டு எழும் நமக்குக் கூச்சம் இயல்புதான். ஆனால் நகரி, புத்தூர், திருப்பதி என்று குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அங்கே போனால், விருந்தில் சிவப்பு ஒயின் நம் முன் வந்து நிற்கிறது. தேர்ந்தெடுக்கவும் தெரிவதில்லை, மறுக்கவும் தெரிவதில்லை.

பெங்களூரில் என் மகன் வீட்டில் நடந்தது இது. விலை உயர்ந்தது என்று சொல்லி ஊற்றினார்கள். ஒரு வாய் குடித்ததும், நெடுநேரம் கொதித்த பால் இல்லாத டீயைப் போல வாய் இழுத்துக்கொண்டது. மரியாதைக்காக “அருமை” என்றேன். அடுத்த முறை போனபோது அதே பாட்டில் எனக்காகவே வாங்கி வைத்திருந்தார்கள்! மருமகள்தான் கண்டுபிடித்தாள். “பிடிக்கவில்லை என்றால் சொல்லக் கூடாதா மாமா?” என்றாள். ரயில்வேயில் ஆயுள் முழுவதும் அளவு பார்த்துக் கையெழுத்திட்ட நான், பொய் அளவு சொல்லிவிட்டேனே என்று வெட்கப்பட்டேன். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது இதோ.

பன்னீர் திராட்சை ஒன்றைத் தோலோடும் விதையோடும் மென்று பாருங்கள். சதை இனிக்கும், தோலும் விதையும் துவர்க்கும். அந்தத் துவர்ப்புக்கு டானின் என்று பெயர். பெரும்பாலான கருந்திராட்சைகளின் சாறு நிறமற்றது. தோலோடு ஊறும்போதுதான் சிவப்பும் துவர்ப்பும் ஒயினில் இறங்குகின்றன.

ஆகவே முதல் கேள்வி: துவர்ப்பு பிடிக்குமா? பாக்கும் கடுந்தேநீரும் பிடிப்பவர்களுக்குக் கேபர்னே சாவிக்னான் ஏற்றது. மிளகு வாசம் வேண்டுமானால் ஷிராஸ். மென்மை வேண்டுவோருக்கு மெர்லோ. அதைவிட லேசானது பினோ நுவார். இவை பொதுவாக ‘டிரை’, அதாவது இனிப்பில்லாதவை. இனிப்பு வேண்டுமென்றால் ‘போர்ட்’ வகையைக் கேட்கலாம். பாட்டிலில் ஆல்கஹால் சதவீதம் அச்சிட்டிருக்கும். 12க்கும் 14க்கும் உள்ள வித்தியாசம் தொண்டையில் தெரியும்.

வெகுதூரம் போக வேண்டாம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் க்ரோவர் நிறுவனம் பல ஆண்டுகளாக ஒயின் தயாரிக்கிறது. அதன் ‘லா ரிசர்வ்’ கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது.

இரண்டாவது கேள்வி: எதோடு சாப்பிடப் போகிறீர்கள்? பால் ஊற்றினால் டீயின் துவர்ப்பு அடங்குவதுபோல, இறைச்சியோ சீஸோ உடனிருந்தால் ஒயினின் துவர்ப்பும் அடங்கும். ஆவக்காய்க் காரத்தோடு துவர்ப்பு மிகுந்த ஒயின் சேர்ந்தால் வாய் எரியும். அதற்கு மென்மையானதே பொருந்தும்.

‘சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்’ என்பது குளிர்நாட்டு அறையை மனத்தில் வைத்துச் சொன்னது. 15 முதல் 18 டிகிரி போதும். நம் ஊர் வெயிலில் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தே எடுக்க வேண்டும்.

இரண்டு வகையை ஒப்பிட விரும்பினால், ஒரே மாதிரிக் கண்ணாடி, ஒரே உணவு, ஒவ்வொரு வாய் மட்டும். பிடித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். விலைச்சீட்டைப் பார்க்காதீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ‘இதயத்துக்கு நல்லது’ என்று சொல்லி யாரேனும் ஊற்றினால் நம்பிவிடாதீர்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இப்போது மகன் வீட்டில், “எனக்கு மெர்லோவில் இரண்டு வாய் போதும்” என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி, “எனக்கு மோர்” என்கிறாள். இரண்டும் சரியான தேர்வுதான். நம் நாக்கு சொல்வதை நம் வாய் மறைக்காமல் சொன்னால், பிள்ளைகளுக்கும் அது நிம்மதி.