நல்லா படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு கூடுதல் நேரம்? பள்ளியிடம் பெற்றோர் என்ன கேட்கலாம்?

வாயால் கேட்டால் அறிவியல் பாடம் முழுவதையும் சொல்லிவிடுவான். பேப்பரில் எழுதச் சொன்னால் பாதிப் பக்கம்கூட வராது. 'சோம்பேறித்தனம்' என்பார் ஒரு ஆசிரியர். 'மார்க்தான் 70 வருதே, அப்புறம் என்ன குறை?' என்பார் இன்னொருவர்.

அதிக அறிவுத்திறனும் குறைபாடும் ஒரே குழந்தையிடம் இருக்கும்போது இதுதான் சிக்கல். திறமை குறைபாட்டை மறைத்துவிடும், குறைபாடு திறமையை மறைத்துவிடும். வெளியே தெரிவது சராசரி மாணவன்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா போன்ற கற்றல் குறைபாடுகளும் ஆட்டிசமும் உண்டு. சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தருவதும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவதும் இதன்படி பள்ளியின் பொறுப்பு. தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர், இரண்டாம், மூன்றாம் மொழியில் விலக்கு ஆகியவற்றை 17ஆவது பிரிவு குறிப்பிடுகிறது.

'ஃபெயில் ஆகிறவர்களுக்கு மட்டும்தான்' என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நல்ல மார்க் வாங்குவது வசதியை மறுக்கக் காரணம் ஆகாது.

40 சதவீதச் சான்றிதழ் கட்டாயமா?

விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள தேர்வருக்கு, 40 சதவீதக் குறைபாடு இல்லை என்ற காரணத்தால் உதவியாளரை மறுக்க முடியாது என்றது. இடஒதுக்கீட்டுக்கான அளவுகோல் வேறு, வசதி பெறும் உரிமை வேறு என்பதே இதன் சாரம்.

ஆனால் பொதுத்தேர்வுச் சலுகைக்கு கல்வி வாரியம் மருத்துவச் சான்றிதழ் கேட்கும். அதைக் கடைசி நேரத்தில் வாங்க அலையாதீர்கள். சிபிஎஸ்இ பள்ளி என்றால், 9ஆம் வகுப்புப் பதிவின்போதே குழந்தையின் விவரம் சரியாகப் போயிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சிபிஎஸ்இ மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதலாகத் தருகிறது.

பரிசோதனை அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

ஐக்யூ எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மொழித்திறனில் மிக உயர்ந்த மதிப்பெண்ணும் வேகத்தில் மிகக் குறைந்த மதிப்பெண்ணும் சேர்ந்தால் மொத்த எண் 'சராசரி' என்றே காட்டும். எனவே ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையும் தனித்தனியாக எழுதித் தரும்படி உளவியலாளரிடம் கேளுங்கள். அந்த இடைவெளிதான் பள்ளிக்குக் காட்ட வேண்டிய ஆதாரம்.

பள்ளியிடம் எப்படிக் கேட்பது?

'கொஞ்சம் கவனிச்சுக்கோங்க' என்றால் எதுவும் நடக்காது. தேவையைக் குறிப்பாக, எழுத்தில் கேளுங்கள்:

- வகுப்புத் தேர்விலும் கூடுதல் நேரம்
- நீண்ட விடைகளுக்கு டைப் செய்யவோ, வாய்மொழியாகச் சொல்லவோ அனுமதி
- கரும்பலகையில் எழுதுவதன் நகல்
- கணக்கில் தெரிந்ததையே 20 முறை எழுத வைக்காமல், குறைவான, கடினமான கணக்குகள்

கடைசியாகச் சொன்னது முக்கியம். 'முதல்ல கையெழுத்தைச் சரி பண்ணட்டும், அப்புறம் ஒலிம்பியாட் வகுப்புக்கு வரட்டும்' என்று சில பள்ளிகள் சொல்வதுண்டு. இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைக்குப் பிடித்த பாடத்தையும் பறித்துவிட்டால், பள்ளியில் அவன் தோற்கும் வேலைகள் மட்டுமே மிஞ்சும்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதிக அறிவுத்திறன் உள்ள குழந்தைகளுக்கென இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. தேசிய கல்விக் கொள்கை 2020 அவர்களை ஊக்குவிக்கச் சொல்கிறது, ஆனால் அது சட்டம் அல்ல. எனவே கூடுதல் நேரத்தை உரிமையாகக் கேளுங்கள், கடினமான பாடத்தை ஆசிரியரிடம் பேசி வாங்குங்கள்.

மறுத்தால் என்ன செய்வது?

மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பேசி முடிந்த ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும், என்ன முடிவானது என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். பிறகும் தீர்வு இல்லையென்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் அந்த மின்னஞ்சல்களோடும் பரிசோதனை அறிக்கையோடும் புகார் தரலாம்.