துப்பாக்கியின் தரமும் நம்பகமும்

கிளமெண்டி வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் துப்பாக்கியைப் பற்றிப் பேச்செழுவது வியப்பன்று. சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டில் தேசிய சேவை தொடங்கியது முதல், 18 வயதை எட்டிய இளைஞர் தலைமுறை தலைமுறையாகப் படைப்பயிற்சிக்குச் சென்று வருகின்றனர். தந்தை எம்-16 ஏந்தியவர். மகன் சார்-21 ஏந்துபவன். இந்தியப் படையில் பணியாற்றிய உறவினர் எவரேனும் வந்துவிட்டால் எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் என்னும் பெயர்களும் பேச்சில் கலக்கும். எது சிறந்தது என்று கேட்டால், ஒவ்வொருவரும் தாம் ஏந்தியதையே சுட்டுவர். பழகிய கருவியின்மீது உள்ள பற்று அது. ஆராய்ச்சிக்கு அப்பற்று போதாது. ஆபத்தான வேளையில் கருவி ஓடாது நின்றுவிடின் அதை ஏந்தியவனின் உயிரே போகும். ஆதலின், ஒரு துப்பாக்கி நன்றாகச் செய்யப்பட்டது என்பதும், அது நம்பத்தக்கது என்பதும் எதனால் அறியப்படும் என்பதைத் தெளிவாக உணர்தல் நன்று.

பெயரும் பொருளும்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியில் பிறந்து, பல மொழிகளின் வழியே தமிழுக்கு வந்தது. இலங்கைத் தமிழர் துவக்கு என்பர். மலாய்க்காரர் செனாப்பாங் என்பர். அது டச்சு மொழியிலிருந்து வந்த சொல். குழலின் உட்புறத்தில் திருகுவரிகள் வெட்டப்பட்ட துப்பாக்கியே ரைபிள். அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துகின்றன.

பழைய ரைபிளில் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் தாழைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அரைத்தானியங்கித் துப்பாக்கியில் அவ்வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு புறப்படும். அடுத்த தோட்டா தானே ஏறி நிற்கும். எஸ்.எல்.ஆர். என்னும் சுருக்கப் பெயருக்கும் தானே தோட்டா ஏற்றும் ரைபிள் என்பதே பொருள். எம்-16, சார்-21 முதலியன தொடர்ந்து சுடவும் வல்லவை. ஆயினும் தானே தோட்டா ஏற்றும் அமைப்பு அவற்றுக்கும் பொதுவானது. இங்கு ஒப்பிடப்படுவதும் அதுவே.

தானே ஏறுவது எவ்வாறு?

தோட்டா வெடிக்கும்போது எழும் வாயு குண்டைக் குழல்வழியே தள்ளுகிறது. குழலின் பக்கத்தில் உள்ள சிறு துளை வழியாக அவ்வாயுவின் ஒரு பகுதி பிரிந்து சென்று தாழைத் திறக்கிறது. தாழ் பின்வாங்கும்போது அதன் கொக்கி வெற்றுத் தோட்டாவை இழுத்து வெளியே எறிகிறது. பின்பு சுருள்வில் தாழை முன்தள்ள, தோட்டாக் கூட்டிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் செல்கிறது. தாழ் பூட்டிக்கொள்கிறது. இவை அனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இச்செயல்களுள் ஒன்று பிசகினும் துப்பாக்கி நின்றுவிடும்.

எஸ்.எல்.ஆரில் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தாழைத் தள்ளும். வாயுவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. அழுக்கேறித் துப்பாக்கி சோர்ந்தால் திருகைத் திருப்பி வேகமூட்டலாம். எம்-16இல் பிஸ்டன் தண்டு இல்லை. மெல்லிய குழாய் வழியே வாயு நேராகத் தாழின் இருப்பிடத்துக்கே வருகிறது. அதனால் எடை குறைகிறது. கரி மட்டும் உள்ளே சேர்கிறது. எஸ்.எல்.ஆர். ஏறத்தாழ 4.3 கிலோ எடையும் 114 செ.மீ. நீளமும் உடையது. எம்-16 ஏறத்தாழ 3 கிலோ எடையும் 99 செ.மீ. நீளமும் உடையது. காட்டில் நாள் முழுதும் சுமப்பவனுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

செய்தரம் என்பது யாது?

ஊர்க்கொல்லன் அரிவாளைக் காய்ச்சித் தோய்ச்சல் போடும்போது நிறத்தைக் கண்டே பதத்தை அறிவான். அரிவாளுக்கு அது போதும். துப்பாக்கிக்குப் போதாது என்பதை அமெரிக்கர் துன்பப்பட்டே கற்றனர். 1903ஆம் ஆண்டு மாதிரியான ஸ்பிரிங்பீல்டு ரைபிளை அரசு ஆலையில் செய்தபோது, உலையின் வெப்பத்தைத் தொழிலாளர் கண்ணாலேயே மதிப்பிட்டனர். வெயில் நாளில் ஒரு நிறமாகவும் மேகமூட்டமான நாளில் வேறு நிறமாகவும் உருக்கு தோன்றியது. அளவுக்கு மீறிக் காய்ந்த உருக்கு நொறுங்கும் தன்மை பெற்றது. முதல் உலகப் போரின்போது சில துப்பாக்கிகள் சுடும்போதே உடைந்தன. 1918இல் வெப்பமானிகள் வைத்து முறையை மாற்றினர். ஸ்பிரிங்பீல்டு ஆலையில் 8 இலட்சத்துக்குக் குறைந்த எண் பொறித்த துப்பாக்கிகளைச் சுடலாகாது என்று அறிந்தோர் இன்றும் எச்சரிப்பர். வடிவம் ஒன்றே, ஆலையும் ஒன்றே, வேறுபட்டது வெப்பத்தை அறிந்த முறை.

செய்தரத்துக்கு மற்றோர் அடையாளம் உறுப்புகள் மாறிப் பொருந்துதல். பத்துத் துப்பாக்கிகளைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் பூட்டிச் சுட்டுப் பார்ப்பது ஆலைகளில் வழங்கும் சோதனை. கையால் அராவிப் பொருத்த நேர்ந்தால் அத்துப்பாக்கி தேறாது. பெல்ஜியத்தார் வகுத்த எப்.ஏ.எல். என்னும் துப்பாக்கியே பிரிட்டனில் எஸ்.எல்.ஆர். ஆயிற்று. பெல்ஜியத்தில் மில்லிமீட்டர் அளவு. பிரிட்டனில் அங்குல அளவு. அதனால் அங்குல அளவில் செய்த தோட்டாக் கூடு மில்லிமீட்டர் அளவில் செய்த துப்பாக்கியில் ஏறுவதில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் அணிய இயலாத கதை இது.

மலிவாகச் செய்வதும் எளிதன்று. ரஷ்யர் 1949இல் ஏற்ற ஏ.கே.-47இன் உடலை முதலில் தகட்டை அழுத்தி வடிக்கவே முயன்றனர். கழிவு மிகுந்தமையால், கனத்த உருக்கைக் கடைந்து செய்யும் பழைய முறைக்குத் திரும்பினர். தகட்டு முறை 1959இல் வந்த ஏ.கே.எம். துப்பாக்கியிலேயே கைகூடிற்று. அதன் உறுப்புகள் சற்று இடைவெளி விட்டு ஓடுவதால் மணலும் கரியும் அதை எளிதில் தடுப்பதில்லை. நெருங்கிப் பொருந்துவது மட்டுமே உயர்ந்த தரம் என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

நன்றாகச் செய்யப்பட்டும் நின்ற துப்பாக்கி

எம்-16 அலுமினியக் கலவையில் நுட்பமாகச் செய்யப்பட்டது. எனினும் 1965 முதல் 1967 வரை வியட்நாமில் அது பலமுறை நின்றுபோயிற்று. வெற்றுத் தோட்டா அறையில் சிக்கிக்கொள்ளும். கம்பியால் குத்தித் தள்ள முயன்ற நிலையிலேயே வீரர் சிலர் மாண்டனர். அமெரிக்கக் காங்கிரஸின் குழுவொன்று 1967இல் இதனை ஆராய்ந்தது. தோட்டாவின் வெடிமருந்து மாற்றப்பட்டிருந்தது. புது மருந்து தாழை மிகு வேகத்தில் ஓட்டியதோடு கசடும் விட்டது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததால் ஈரநாட்டில் அது துருப்பிடித்தது. துடைக்கும் கருவிகள் போதிய அளவில் வழங்கப்படவில்லை. இத்துப்பாக்கிக்குத் துடைப்பே வேண்டாம் என்ற தவறான எண்ணமும் பரவியிருந்தது.

பின்னர் அறைக்குக் குரோமியம் பூசினர். அதிர்வு தாங்கியை மாற்றினர். துடைக்கும் கருவிகளை வழங்கினர். 1968இல் வில் ஐஸ்னர் என்னும் ஓவியரைக் கொண்டு பராமரிப்புப் பாடத்தைச் சித்திரக் கதையாக வரையச் செய்து வீரருக்கு அளித்தனர். ஆசிரியர் மனங்கொள்ளத்தக்க செய்தி இது. கருவியைத் திருத்தியதோடு, பாடநூலையும் திருத்திய பின்னரே நோய் தணிந்தது.

ஜூரோங்கும் திருச்சியும்

கிளமெண்டிக்கு மேற்கே ஜூரோங்கில் சிங்கப்பூரின் சார்ட்டர்டு இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 1967இல் தோன்றியது. தோட்டா செய்த அதே நிறுவனத்தின் கீழ் 1968இல் நாணயச் சாலையும் அமைந்தது. அளவு பிசகாது ஒரே உருவைப் பல்லாயிரம் முறை செய்வதே இரண்டுக்கும் அடிப்படை என்பதை எண்ணினால் இவ்விணைப்பின் பொருத்தம் விளங்கும். கோல்ட் நிறுவனத்தின் உரிமம் பெற்று எம்-16எஸ்1 அங்கே செய்யப்பட்டது. ஆண்டு முழுதும் ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் துருவை வெல்வதே துப்பாக்கிக்கு முதற்சோதனை.

உரிமம் பெற்ற துப்பாக்கியை அயல்நாடுகளுக்கு விற்பதில் தடைகள் இருந்தமையால் சொந்த வடிவம் தேடப்பட்டது. அதன் விளைவே சார்-80. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் நிறுவன வல்லுநரின் துணையோடு, தகட்டை அழுத்திச் செய்யும் மலிவான முறையில் அது அமைந்தது. வாயு பிஸ்டனையே தள்ளும். 1999இல் வந்த சார்-21இல் தோட்டாக் கூடு விசைக்குப் பின்னால் அமைந்துள்ளது. அதனால் குழலைக் குறுக்காமலே நீளத்தை ஏறத்தாழ 80 செ.மீ. அளவில் அடக்க முடிந்தது.

இந்தியாவின் கதை 1962இல் தொடங்குகிறது. சீனரோடு நேர்ந்த போரில் இந்திய வீரர் பலர் கையால் தாழிழுக்கும் பழைய .303 ரைபிளையே ஏந்தினர். அதன்பின் வங்காளத்து இஷாப்பூரில் 1ஏ1 என்னும் எஸ்.எல்.ஆர். பெருமளவில் செய்யப்பட்டது. திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை 1966இல் அமைந்தது. இன்சாஸ் துப்பாக்கி அங்கும் செய்யப்பட்டது. 1999இல் கார்கில் மலைகளின் கடுங்குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் தோட்டாக் கூடுகள் விரிசல் கண்டன என்ற முறையீடு எழுந்தது. குழலும் தாழும் செம்மையாயிருந்தும், கூடு உடைந்தால் பயன் இல்லை.

கணக்கு கூறுவது

நம்பகத்தைச் சொல்லால் அளக்க இயலாது; எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை நிற்கிறது என்று எண்ண வேண்டும். ஒரு துப்பாக்கி சராசரியாக 1,000 தோட்டாவுக்கு ஒருமுறையும், மற்றொன்று 200 தோட்டாவுக்கு ஒருமுறையும் நிற்பதாக வைத்துக்கொள்க. 30 தோட்டா கொண்ட ஏழு கூடுகள், அதாவது 210 தோட்டாக்கள் ஒருவன் கையில் உள்ளன. அவற்றைச் சுட்டு முடிப்பதற்குள் ஒருமுறையேனும் தடைப்படும் வாய்ப்பு முதல் துப்பாக்கிக்கு நூற்றுக்கு 19. இரண்டாவதற்கு நூற்றுக்கு 65. ஒரே ஒரு கூட்டை மட்டும் சுட்டுப் பார்ப்பவனுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே தோன்றும். ஆதலின், “என் துப்பாக்கி ஒருநாளும் நின்றதில்லை” என்பவர் கூற்று உண்மையாயினும் சான்றாகாது. வெவ்வேறு நாளில் செய்த பல துப்பாக்கிகளை, ஒரே வகைத் தோட்டாவுடன், மழையிலும் சேற்றிலும் மணலிலும் சுட்டுப் பெற்ற எண்ணிக்கையே சான்றாகும்.

முடிவு

எஸ்.எல்.ஆர். கனத்தாலும் அழுக்கைப் பொறுத்தது. எம்-16 இலேசானது, தக்க மருந்தும் குரோமியப் பூச்சும் முறையான துடைப்பும் பெற்றபின் நம்பிக்கைக்கு உரியதாயிற்று. இன்சாஸுக்குக் குறை துணையுறுப்பிலிருந்து வந்தது. ஆகவே, பெயரை மட்டும் கேட்டு ஒரு துப்பாக்கியை உயர்ந்ததென்றோ தாழ்ந்ததென்றோ கூறுதல் பிழை. எந்த ஆண்டில் எந்த ஆலை செய்தது? எந்தத் தோட்டாவைச் சுடுகிறது? கூடு எத்தகையது? துடைப்பவன் கற்றவனா? இந்நான்கையும் கேட்ட பின்னரே தீர்ப்பளித்தல் முறை. முதல் மூன்றுக்கும் ஆலையும் அரசும் பொறுப்பு. நான்காவது, கருவியைக் கையில் வாங்கும் இளைஞனுக்கும் அவனுக்குக் கற்பிப்போருக்கும் உரிய பொறுப்பு.