லொறிக்கடியில் ஒரு வில்லுப்பாட்டு

தலையைக் குனிந்து வாருங்கள், தகரக் கூரை நெற்றியைப் பதம் பார்த்துவிடும்! திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால், லொறிக்கு வில்லுப் பிளேட் கட்டும் பட்டறைக்குள் ஒருவழியாக நுழைந்துவிட்டேன். பிரீமா மாவும் டோக்கியோ சீமெந்தும் ஏற்றிப்போகும் லொறிகளைத் தெருவில்தானே பார்த்திருக்கிறோம்? அவற்றின் முழங்காலைப் பார்க்க இங்கேதான் வரவேண்டும்.

துருப்பிடித்த பிளேட்டுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல உயர வரிசையில் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. கிறீஸ் டின் மேல் ஆறிப்போன பிளேன்டீ. மூலையில் ஒரு பொடியன் பழைய வில்லின் நடுப் போல்ட்டில் சாவியைப் போட, "டேய், வைஸில இறுக்காமக் கழட்டாதே!" என்று பாஸ் பாய்கிறார். பிறகு என்னிடம், "தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இறுக்கிவிட்டு மெல்லத் தளர்த்துகிறார்கள். கடைசிப் புரி கழன்றதும் 'டங்'! பிளேட்டுகள் விசிறியாக விரிகின்றன. எத்தனையோ வருடத்துக்கு முன் யாரோ முறுக்கிய கைப்பலம் இவ்வளவு நாளும் அதற்குள் பத்திரமாக இருந்திருக்கிறது!

உலையில் சிவந்த பிளேட்டை இருவர் மாறி மாறி அடிக்கிறார்கள். வியர்வை சொட்டச் சொட்டத் தூக்கிவந்து, தரையில் சோக்கால் கீறிய வளைவோடு பிடித்துப் பார்க்கிறார்கள். "இன்னும் ஒரு தட்டு." பிறகு எண்ணெயில் முக்க, பட்டறையே புகை. "மருமகன் மாதிரி இருக்கணும், வளையணும், ஆனா உடையக்கூடாது" என்கிறார் பாஸ். மருமகன்தான் சுத்தியலோடு சிரிக்கிறார்!

இனி அடுக்கும் வேலை. குட்டைப் பிளேட்டுக்கு வளைவு அதிகம், அதனால் நடுவில் இடைவெளி. போல்ட்டை முறுக்க முறுக்க அது மூடுகிறது. பாரம் ஏறுமுன்பே அழுத்த சக்தி உள்ளே குடிபுகுந்துவிட்டது. இரு மடங்கு வளைத்தால் வில்லு இரு மடங்கு எதிர்க்கும் என்ற கணக்கை 1678இலேயே அச்சில் போட்டவர் ரொபர்ட் ஹூக். ஆனால் சேரும் சக்தியோ நான்கு மடங்கு! பாஸ் ஏன் பாய்ந்தார் என்று இப்போது புரிகிறதா?

வில்லு பூட்டிய லொறி புறப்படுகிறது. வாசல் மேட்டில் ஏறி, அமிழ்ந்து, எழும்பி, 'கிறீச்' என்று ஒரு பாட்டு. பிளேட்டோடு பிளேட் உரசும் சத்தம் அது. துள்ளலில் கொஞ்சத்தை அந்த உரசல் சூடாக்கித் தின்றுவிடுகிறதாம், இல்லையென்றால் லொறி கண்டி வீதி முழுக்க ஆடிக்கொண்டே போகுமே.

அது குனிந்து நிமிர்ந்தபோது நாங்களும் சேர்ந்து தலையாட்டினோம். பாஸ் மட்டும் ஆட்டவில்லை. காதைக் கொடுத்து நின்றவர், "சரி" என்று ஆறிய பிளேன்டீயை எடுத்தார்.